மோதிரம் செய்யப் பழகுவோம். காணிக்குப் பதிலாக அல்ல

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் கதையைக் கேட்டால் அதில் எங்காவது ஒரு நகை வரும். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பின் விற்ற தோடு, 1990இல் வழிச்செலவுக்குக் கழற்றிய மோதிரம், 2004 மார்கழியில் கடல் கொண்டுபோன காப்பு, 2007இல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்தபின் அடகு வைத்து மீட்க முடியாமற்போன சங்கிலி என்று அது நீளும். வயலும் மாடும் பின்னே நின்றுவிட, கையோடு வந்தது நகைதான். அதுவும் சில மாதங்களில் போய்விட்டது.

அப்படிப்பட்ட கைகளுக்கு இப்போது மணியும் கம்பியும் கொடுத்து மோதிரம் செய்யப் பழக்குகிறார்கள். முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் சுயதொழில் பயிற்சி என்று வந்தவற்றுள் தையல், கோழி வளர்ப்பு, காளான் ஆகியவற்றோடு மணிவேலையும் ஒன்று. இதைப் பற்றி எம்மவரிடையே இரண்டு கருத்துகள் உண்டு. "விதைத்து வெட்டின கைக்கு இது என்ன விளையாட்டு?" என்பது ஒன்று. "இதைப் பிடித்துக்கொண்டால் இனி வயலே வேண்டாம்" என்பது மற்றது. இரண்டுமே பிழை என்பது என் கருத்து. மோதிரம் செய்யப் பழகுவது நல்லது. ஆனால் எதற்காகப் பழகுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கைவேலை தொடங்குபவருக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை. பன்பாய் இழைக்கப் பன் வெட்ட வேண்டும், காயவைக்க வேண்டும், இருந்து இழைக்க இடம் வேண்டும். நெசவுக்குத் தறி வேண்டும். மணி மோதிரத்துக்கு நெருப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு மூக்குக் குறடு, ஒரு வெட்டுக் குறடு, ஒரு சிறிய அரம், ஒரு கம்பு போதும். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பலமுறை ஓடிய மக்களுக்கு இது சிறிய விடயமல்ல.

செய்முறை இதுதான். விரலைச் சுற்றி ஒரு காகித நறுக்கை வைத்து அளவெடுங்கள். கொய்யாக் கம்பொன்றை நுனி மெலிந்து அடி பெருக்கும்படி சீவி, காகித வளையம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்குச் சற்றுக் கீழே, பருத்த பக்கமாக, அடையாளமிடுங்கள். கம்பியைச் சுற்றச் சுற்ற மோதிரம் இறுகுமாதலால் கொஞ்சம் பெரிதாகத் தொடங்குவதே புத்தி. 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு அல்லது பித்தளைக் கம்பியில், கடைக்காரர் 20 கேஜ் என்பதில், 40 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். 6 முதல் 8 மில்லிமீற்றர் வரையான மணி ஒன்றைக் கம்பியின் நடுவில் கோருங்கள்.

மணியைக் கம்பின் முன்பக்கம் அடையாளத்தில் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, கம்பியின் இரு முனைகளையும் எதிரெதிராகப் பின்னே கொண்டுபோய், அங்கே ஒன்றையொன்று கடக்கவிட்டு, மறுபடி மணிக்கு அருகே கொண்டுவாருங்கள். இப்போது வளையம் தயார். பிறகு இரு முனைகளையும் ஒரே திசையில் மணியைச் சுற்றி, குருவிக்கூட்டைப் போல, ஓரிரு சுற்றுச் சுற்றுங்கள். மோதிரத்தைக் கம்பிலிருந்து கழற்றி, மிஞ்சிய முனைகளை மணிக்கு இருபுறமும் வளையத்தின்மேல் நெருக்கமாக மூன்று சுற்று இறுக்குங்கள். முனையை மோதிரத்தின் வெளிப்பக்கத்தில் வெட்டி, குறட்டால் அமர்த்தி, அரத்தால் தேயுங்கள். கடைசியாக ஒரு பஞ்சுத் துணியில் மோதிரத்தை உரசிப் பாருங்கள். நூல் சிக்கினால் விரலும் கீறும். இன்னும் தேய்க்க வேண்டும்.

"முதல் கோணல் முற்றும் கோணல்" என்பார்கள். கம்பி வேலையில் அது உண்மையல்ல. முதல் மோதிரம் எல்லோருக்கும் கோணல்தான். ஒரு வகுப்பில் வயதான அம்மா ஒருவர் என்னிடம், "நெல்லுத் தூவின கைக்கு இந்தக் குறடு புடிபடுமா மனே?" என்று கேட்டார். பிடிபட்டது. பாய் இழைத்துப் பழகிய விரலுக்குக் கம்பியின் இழுவை விரைவில் விளங்கும். அவர் ஐந்தாவதாகச் செய்ததை யாரும் கோணல் என்று சொல்ல முடியாது.

தொடங்குபவர் விடும் பிழைகள் சில. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மடித்து நிமிர்த்தினால் உலோகம் இறுகி ஒடியும். ஆகவே பிழைத்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழகுவதற்குப் புதுக் கம்பி வாங்கத் தேவையில்லை. கழித்துப்போட்ட வயரின் உள்ளே உள்ள ஒற்றைச் செப்புக் கம்பி போதும். ஆனால் மேலுறையைக் கத்தியால் சீவி எடுங்கள். நெருப்பில் எரித்தால் வரும் புகை நஞ்சு. வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்கும். முனையை விரலால் பிடித்து நிலத்தை நோக்கி வெட்டுங்கள். வேலை முடிந்ததும் பாயை உதறிக் கூட்டுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அது.

மணிக்கும் தூரம் போக வேண்டியதில்லை. சிரட்டைத் துண்டைத் தேய்த்துத் துளையிட்டால் நல்ல மணி. மஞ்சாடி விதையும் ஆகும். ஆனால் குன்றிமணி வேண்டாம். பொன் நிறுக்கப் பயன்பட்ட அதே குன்றிமணி, உள்ளே கொடிய நஞ்சு கொண்டது. துளையிட்ட விதையைப் பிள்ளை கடித்தால் உயிருக்கே ஆபத்து. கடலில் முருகைக்கல் உடைப்பதும் சட்டப்படி குற்றம்.

செப்பு மோதிரம் வியர்வை பட்டால் விரலில் பச்சை படியும். சவர்க்காரம் போட்டால் போய்விடும். மோதிரம் கறுத்தால் புளியால் துலக்கி நன்றாக அலசித் துடைக்கலாம். சிப்பி, முத்து மணிகளுக்கு மட்டும் புளி கூடாது; அது அவற்றை அரித்துவிடும். இவற்றையெல்லாம் வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து விற்பவரிடம் இரண்டாம் முறை யாரும் வாங்கமாட்டார்கள்.

மணிவேலை எமக்கு அந்நியமானதுமல்ல. மன்னார் மாந்தையிலும், பாக்கு நீரிணைக்கு அப்பால் புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டிலும் பழங்காலத்தில் கண்ணாடி மணி செய்த தடயங்கள் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. இன்று தமிழ்நாட்டில் மணியையும் கம்பியையும் நம்பிச் சீவிக்கும் ஒரு மக்கள் கூட்டம் உண்டு. அவர்கள் நரிக்குறவர். அவர்களுடைய கதையில் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

வேட்டையே அவர்களுடைய பழைய தொழில். 1972இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழிலின் கதவு அடைபட்டது. முன்பே தெரிந்திருந்த ஊசி, பாசிமணி வியாபாரம் முழுநேரப் பிழைப்பாயிற்று. திருச்சிராப்பள்ளிக்கு அருகேயுள்ள தேவராயநேரி போன்ற குடியிருப்புகளிலும் கோயில் வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் அவர்கள் குறடு பிடிக்கும் வேகத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் கம்பியை நுழைத்து, வளைத்து, அடுத்ததில் மாட்டிவிடுவார்கள். கண் அதைத் தொடர முடியாது.

அந்தத் திறமை அவர்களுக்குச் சோறு போட்டது. ஆனால் இருக்க நிலமும், பிள்ளைக்குப் பாடசாலையில் மரியாதையும், அரசின் பதிவேட்டில் உரிய இடமும் மணியினால் கிடைக்கவில்லை. அவற்றுக்காக அவர்கள் தனியே, பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். கைத்தொழில் வயிற்றைக் கழுவும். உரிமையை அது தானாகக் கொண்டுவராது. இதுதான் அந்தப் பாடம்.

எனவே பயிற்சி கொடுப்போரிடம் சில வார்த்தைகள். ஐந்து நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு பை மணி, ஒரு புகைப்படம் என்பதோடு முடிந்துவிடும் பயிற்சிகளைப் போதிய அளவு பார்த்துவிட்டோம். மோதிரம் செய்யக் காட்டுகிற அன்றே கணக்கும் காட்டுங்கள். உதாரணத்துக்கு, கம்பி 40 ரூபாய், மணி 30, உறை 10, போக்குவரத்தில் ஒரு மோதிரத்தின் பங்கு 20 என்று வைத்தால் செலவு 100 ரூபாய். 200 ரூபாய்க்கு நேராக விற்றால் கையில் 100. இடையில் ஒருவர் 120க்கு வாங்கினால் கையில் 20தான். ஒரு மோதிரத்துக்கு ஒரு மணித்தியாலம் சென்றால், அந்த இருபது ரூபாயே உங்கள் ஒரு மணித்தியாலக் கூலி. களை பிடுங்கப் போனால் கிடைக்கும் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்று பழுதாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விலைகள் கணக்குப் பழகுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்தபின் "இது கட்டாது" என்று முடிவு செய்தால் அதுவும் பயிற்சியின் வெற்றிதான்.

கட்டும் என்று கண்டால், தனியே போகாதீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து கம்பியை மொத்தமாக வாங்குங்கள். பாசிக்குடா விடுதிகளுக்கோ நகரக் கடைகளுக்கோ ஒருவர் எல்லோருடையதையும் கொண்டுபோனால் போக்குவரத்துச் செலவு பங்காகும். விற்றது, விற்காதது, கடனாக வைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி எல்லோர் முன்னும் வாசியுங்கள்.

இன்னொன்று. இந்தத் தொழிலுக்காகக் கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் எம் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது உங்களுக்குத் தெரியும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டிய அளவுக்கு அது போனது. ஒரு குறடும் பத்து மணியும் வாங்கக் கடன் தேவையில்லை. பத்து மோதிரம் விற்ற காசில் அடுத்த பத்துக்குக் கம்பி வாங்குங்கள். அது வளரும் அளவுக்கே வளரட்டும்.

பெரும்போக விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில், சிறுபோகத்துக்கு நீர் கிடைக்காத மாதங்களில், கை சும்மா இருக்கும் காலம் உண்டு. மணிவேலையின் இடம் அங்கேதான். பிள்ளையின் கொப்பிக்கும் பேருந்துக் காசுக்கும் எவரிடமும் கையேந்தாமல் இருக்க அது உதவும். விரலுக்கு ஒரு வேலையும் மனதுக்கு ஒரு நிதானமும் தரும். இவையும் இலாபந்தான்.

ஆனால் "உங்களுக்குத்தான் தொழில் பழக்கியாயிற்றே, இனிக் காணி எதற்கு?" என்று யாராவது கேட்டால், அங்கே மட்டும் குறட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பேச வேண்டும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றை அந்த மணிப் பையைவிடப் பத்திரமாக வைத்திருங்கள். தொலைந்திருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி எடுத்து வையுங்கள்.

மோதிரத்துக்கு ஒரு முழக் கம்பி போதும். ஒரு குடும்பத்துக்கு வட்டையில் அதன் வரம்பு வேண்டும்.