படமும் பட்டாவும்

வார விடுமுறைதோறும் நமது பிரிஞ்சாங் மலைக்கு ஏறிவரும் கூட்டத்தைப் பார்க்கிறவர்கள், இவ்வூரில் செல்வம் வெள்ளமாய்ப் பாய்கிறதென்றே எண்ணுவார்கள். மோட்டார் வண்டிகள் தானா ராத்தாவிலிருந்தே ஊர்ந்து வருகின்றன. தேயிலைச் சரிவைக் கண்டவுடன் ஒவ்வொருவரும் கைப்பேசியை நீட்டுகிறார்கள்; அடுத்த நிமிஷமே அப்படம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் உலகைச் சுற்றுகிறது. இதைக் கண்டு பூரித்த சிலர், "நாட்டுப்புறத்தார் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யக் கற்றுக்கொண்டால் போதும், சுற்றுலாவால் வறுமை ஒழியும்" என்று உபதேசம் செய்கிறார்கள்.

எவருடைய வறுமை ஒழியும் என்பதே நமது கேள்வி.

1885-இல் இம்மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கே நிலைத்துவிட்டது. 1929-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜே. ஏ. ரசலின் பெயரும் நிலைத்துவிட்டது. கூடை சுமந்து சரிவேறிய நம் பாட்டிமாருள் ஒருத்தியின் பெயரேனும் எந்தப் படத்தின் கீழாவது உண்டா? பெயர் போகட்டும். அவர்களுக்கென்று ஒரு குடிசை நிலமேனும் மிஞ்சிற்றா?

நமது பஹாங் மாநிலத்திலேயே, தெமர்லோவைச் சேர்ந்த டேசா மூர்னியில், 1995-இல் அரசாங்கம் ஹோம்ஸ்டே என்னும் இல்ல விருந்துத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. கிராமத்தார் தங்கள் வீட்டில் விருந்தினரை ஏற்று, உணவளித்து, நேர்மையாய்ப் பொருள் ஈட்டுகிறார்கள். நாம் அதைப் போற்றுகிறோம். ஆனால் அதன் அஸ்திவாரம் விளம்பரமன்று, வீடு. தோட்டத் தொழிலாளிக்கோ வேலையுள்ளவரை லயம். வேலை போனால் தெரு. வீடில்லாதவன் விருந்தாளியை எங்கே உட்காரவைப்பான்?

நாம் ஒரு கிராணி. முன்பு வேலைபார்த்த ஒரு தோட்டத்தில், ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வீட்டைக் காலிசெய்ய வேண்டுமென்ற கடிதத்தை அழகிய ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கை இந்தக் கைதான். அதே வாரத்தில் ஒரு பிரயாணி அந்த லயத்தைப் படமெடுத்துப் போட்டு, ஆயிரக்கணக்கான விருப்பங்களைச் சம்பாதித்தார். படம் வாழ்ந்தது, படத்திலிருந்தவர் வெளியேறினார். நாம் கற்ற ஆங்கிலம் அன்று யாருக்குப் பயன்பட்டதென்று நினைக்க இன்றும் வெட்கமாயிருக்கிறது.

ஆகையால் கைப்பேசியைத் தூர எறியுங்கள் என்கிறோமா? இல்லவே இல்லை. இலங்கை மலையகத் தமிழர் தங்கள் இருநூறாண்டு வாழ்வை நினைவுகூர்ந்து, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். தேயிலையின் அழகைக் காட்டி அவர்கள் கைதட்டு வாங்கவில்லை. வரலாற்றைச் சொன்னார்கள், நிலவுரிமையும் வீட்டுரிமையும் கேட்டார்கள். அந்த நடையின் படங்கள் கடல் கடந்து நம் கைப்பேசிக்கும் வந்தன. கருவி ஒன்றுதான், எடுத்தவன் நோக்கம் வேறு.

நம்மவரோ புலனத்தில் ராசிபலனும் நடிகர் பிறந்தநாளும் அனுப்பி விரல் தேய்கிறார்கள். அந்த விரலுக்கு வேறு வேலையில்லையா? 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். நம் இளைஞர் அதற்குப் படிக்கட்டும். எந்தச் சரிவை யார் நட்டார், கொழுந்து எப்படித் தூளாகிறது என்று சொல்ல அவர்களினும் தகுந்தவர் யார்? ஆங்கிலம் தெரிந்த கிராணிமார் மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பாட்டிமாரின் பெயரும் கதையும் அவர்கள் சம்மதத்தோடு படத்தின் கீழ் ஏறட்டும். ஒவ்வொரு படத்தோடும், உழைத்தவனுக்குச் சொந்த வீடு எங்கே என்ற கேள்வியும் ஏறட்டும்.

மலையின் அழகை விற்கிறவர்கள் தாராளமாய் விற்கட்டும். அந்த அழகை உண்டாக்கியவனுக்கு ஒரு துண்டு நிலத்தின் பட்டா வராதவரை, நாட்டுப்புறம் வளர்கிறது என்று மட்டும் யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.