சன்னலோர விரிசலுக்குச் சிமெண்டு வேண்டாம்

மாணவர்களே, உங்கள் வீட்டு அலுமினியச் சன்னல் சட்டத்தை ஒட்டிச் சுவரில் மயிரிழை போல விரிசல் இருக்கிறதா? மழைநீர் அதன் வழியேதான் உள்ளே கசியும். என் வீட்டில் சிமெண்டு பூசி அடைத்தோம். சில மாதங்களில் மீண்டும் பிளந்தது. அறிவியல் ஆசிரியர் வீட்டிலேயே இப்படி!

வெப்பத்தில் அலுமினியம் சிமெண்டுப் பூச்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 2 மீட்டர் சட்டம் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும்; பூச்சு அதில் பாதிதான். மாலை மழையில் இரண்டும் சுருங்கும். அன்றாடம் நடக்கும் இந்த இழுபறியை இறுகிய சிமெண்டு தாங்காது.

இடையில் சிறு இடைவெளி விட்டு, ரப்பர் போல நீளும் சிலிக்கோன் பசையை நிரப்பச் சொல்லுங்கள். அதன்மேல் சாயம் ஒட்டாது என்று பெரியவர்கள் தயங்கலாம். கோடு தெரிந்தால் தெரியட்டுமே, சுவர் நனையாது.