வேண்டாம் என்பது கொலையா?

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டி பொத்தேரியில் நின்றதும் இறங்குவோர் இரு திறத்தார். தோளில் பையைத் தொங்கவிட்ட மாணவர் ஒரு திறம். ஒரு கையில் ஸ்கேன் உறையும் மறு கையில் தூக்குச் சட்டியுமாகப் பெருஞ்சாலைப் பக்கம் நடப்பவர் மற்றொரு திறம். இந்த இரண்டாம் திறத்தாரிடமிருந்து, இப்பகுதிப் பங்குகளில் பணியாற்றும் நாம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: "சாமி, அம்மாவுக்கு நெஞ்சை அமுக்க வேண்டாம், குழாய் போட வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா பாவமா?"

பாவம் அன்று. இவ்விடையைத் தயக்கமின்றிச் சொல்வோர் நம்மிடையே அருகிவிட்டனர் என்பதே நம் மனக்குறை. "உயிரைக் கொடுத்தவர் ஆண்டவர், அதை எடுக்க நீ யார்?" என்று கேட்டு, ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் மகளை மேலும் அழவைத்து அனுப்பும் பக்திமான்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் சொல் உண்மையே. அதைப் பொருத்திய இடந்தான் பிழை.

பேசப்படும் பொருள் எது என்பதை முதலில் தெளிவோம். நின்றுபோன இதயத்தை இயக்குவதற்காக மார்பெலும்பின்மேல் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துவதும், வேண்டுமானால் மின்னதிர்ச்சி தருவதும், தொண்டை வழியே குழாய் செலுத்தி வென்டிலேட்டருடன் இணைப்பதும் சேர்ந்ததே இதயமீட்புச் சிகிச்சை. மார்பைத் திறக்காமலே இதயத்தை இயக்கும் இம்முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் குழு 1960ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தது. மாமல்லபுரக் கடலில் அலைக்குள் அகப்பட்ட இளைஞனுக்கும், நேற்றுவரை உழைத்து இன்று மாரடைப்பில் சாய்ந்த குடும்பத் தலைவனுக்கும் அது அரும்பெருங் கொடை. அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், உடலெங்கும் பரவிய புற்றுநோயால் எலும்பும் தோலுமாய்க் கிடக்கும் எண்பது வயது மூதாட்டியின் இதயம் நிற்பது விபத்தன்று. நோய் தன் வழி நடந்து வந்து சேர்ந்த இடம் அது. அங்கே அழுத்தும் கைகளின் கீழ் முறிபவை விலா எலும்புகள். நின்ற துடிப்பு மீண்டாலும், அதை நிறுத்திய நோய் அங்கேயே இருக்கிறது.

மக்களின் எதிர்பார்ப்போ வேறு. 1996ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் இச்சிகிச்சை பெறுவோரில் நான்கில் மூவர் உடனே பிழைத்தெழுவதாகக் காட்டப்படுவதைக் கணக்கிட்டுச் சொன்னது. மெய்யான மருத்துவமனைகளின் நிலை அதற்கு நெடுந்தொலைவு. நம் தமிழ்த் திரைப்படங்களை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தால், கதாநாயகனின் தாய் நான்கில் நான்கு முறையும் பிழைத்திருப்பார்.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று, 'காமன் காஸ்' என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய ஆயம், மாண்புடன் இறக்கும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மீளா நோயாளர் பயனற்ற சிகிச்சையை மறுக்கலாம், அதை முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம் என்றது. நச்சூசி போட்டு உயிரைப் பறிப்பது குற்றமாகவே நீடித்தது. ஆனால் நம் செய்தித்தாள்களில் தலைப்பேறிய சொல் 'கருணைக் கொலை'. நீதிமன்றமே சிகிச்சை நிறுத்தத்தையும் உயிர்பறிப்பையும் ஒரே சொல்லின் இரு வகைகளாகப் பிரித்துப் பேசியது என்பதால், பழி முழுவதையும் செய்தியாளர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. எவ்வாறாயினும், ஆங்கிலச் சொல்லில் இல்லாத 'கொலை' தமிழ்ச் சொல்லில் நிற்கிறது. அந்த இரண்டெழுத்தைக் கேட்டபின் எந்தக் கிறித்தவன் கையெழுத்திடத் துணிவான்?

திருச்சபையோ இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றாக்கியதில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே சலமான்காவின் இறையியலார் பிரான்சிஸ்கோ தே வித்தோரியா, உயிரைக் காக்க எல்லா வழிகளையும் கையாளும் கடமை எவருக்கும் இல்லை என்று கற்பித்தார். 1595இல் தொமிங்கோ பாஞெஸ் சாதாரண வழி, அசாதாரண வழி என்ற பாகுபாட்டுக்குப் பெயரிட்டார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், 1957 நவம்பர் 24 அன்று மயக்க மருத்துவரிடையே பேசுகையில், அப்போது புதிதாயிருந்த செயற்கைச் சுவாசக் கருவியைப் பற்றிய கேள்விக்கு நேரடியாகவே விடையளித்தார்: அது எல்லாரையும் கட்டுப்படுத்தும் கடமையன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன் 2278ஆம் எண்ணில், சுமையாகவும், எதிர்பார்க்கும் பயனுக்குப் பொருத்தமற்றதாகவும் உள்ள சிகிச்சையை நிறுத்துவது முறையானதே என்கிறது. அவ்வாறு நிறுத்துபவர் சாவை விரும்பவில்லை, அதைத் தடுக்க இயலாமையை ஏற்கிறார் என்பது அதன் விளக்கம். இரண்டாம் யோவான் பவுல் 1995இல் 'வாழ்வின் நற்செய்தி'யில் இதையே உறுதிப்படுத்தினார். பத்தாண்டு கழித்து அதை வாழ்ந்தும் காட்டினார். 2005இல் ஜெமெல்லி மருத்துவமனைக்கு மீண்டும் கொண்டு செல்லப்படாமல், தம் அறையிலேயே, சன்னலுக்குக் கீழே மக்கள் செபமாலை சொல்லும் ஒலிக்கிடையே ஏப்ரல் 2ஆம் நாள் உயிர் நீத்தார். அவரைத் தற்கொலை செய்துகொண்டவர் என்று சொல்ல எவருக்கேனும் துணிவுண்டா?

எதிர்வாதம் ஒன்றுக்கு மட்டும் நாம் செவிகொடுத்தாக வேண்டும். "இன்று நெஞ்சை அமுக்க வேண்டாம் என்பீர்கள், நாளை கஞ்சி வேண்டாம் என்பீர்கள், ஏழைக் கிழவர்களைத் தள்ளிவிட இது வசதியாகிவிடும்" என்கிறார்கள். தென்மாவட்டங்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், முடியாமற்போன முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீராட்டி, இளநீரைப் புகட்டிக் கதை முடித்த கொடுமை நாம் அறிந்ததே. அது கொலை, அப்பட்டமான கொலை. அங்கே முதியவரிடம் யாரும் கேட்பதில்லை. உற்றார் கூடி முடிவெடுக்கிறார்கள், சாவுக்காகவே செயல் செய்கிறார்கள். இங்கே நோயாளரே தெளிந்த மனத்துடன் பேசுகிறார்; செய்யப்படாமல் விடுவது பயன்தராத ஒன்று; அவருக்கு நோயே முடிவு தருகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைத் துலக்கமாக வரைவதே ஏழை முதியவருக்குக் காவல். கோட்டை அழித்து இரண்டையும் 'கொலை' என்றே அழைப்பவர், தலைக்கூத்தல் செய்பவனுக்குத் தம்மை அறியாமலே மறைவிடம் கட்டிக் கொடுக்கிறார்.

கஞ்சியைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. உணவும் நீரும், குழாய் வழியே தரப்படினும், அவை உடலைப் பேணும்வரை கொள்கையளவில் சாதாரணப் பராமரிப்பே என்று உரோமை 2007 ஆகஸ்டு 1இல் விளக்கம் தந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா சான்பாக், 1973இல் கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்து, 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரை இறக்கவிடுமாறு ஓர் எழுத்தாளர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7இல் தள்ளியது. அவருக்கு ஊட்டிக் குளிப்பாட்டி வந்த செவிலியர், 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று உறுதியாய் நின்றதும் அம்முடிவுக்கு ஒரு காரணம். 2015 மே 18 வரை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அருணா இறந்துகொண்டிருந்தவர் அல்லர், பராமரிப்பு தேவைப்பட்டவர். ஆகவே எழுதும் தாளில், 'எனக்கு எதுவும் செய்ய வேண்டாம்' என்று ஒரு கத்தோலிக்கர் எழுதலாகாது. எது வேண்டாம், எந்நிலையில் வேண்டாம் என்று எழுத வேண்டும்.

இனி நம் மக்களிடம் கசப்பாகவே பேச வேண்டிய இடம். இதயமீட்பை வற்புறுத்துவோர் பலர் இறையியல் கருதி வற்புறுத்துவதில்லை. ஊர் வாய்க்கு அஞ்சுகிறார்கள். பத்தாண்டில் இருமுறை வந்து முகம் காட்டிய மகன், வளைகுடாவிலிருந்து தொலைபேசியில், "என்ன செலவானாலும் பரவாயில்லை, எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்கிறான். உடன் இருந்து மலசலம் அள்ளிய மகள், "போதும்பா, விட்டுடலாம்" என்றால் அவள் கொடியவளாகிறாள். வீட்டுமனை விற்கப்படுகிறது. அடக்கத்துக்கு வந்தவர்களிடம் வென்டிலேட்டரில் இருந்த நாட்கள் எண்ணிச் சொல்லப்படுகின்றன, மகன் செய்த சீர்வரிசை போல. தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையை ஐ.சி.யூ. ரசீதால் நிறைவேற்ற முடியுமா? அந்தத் தாய் எதை விரும்பினாள் என்று அவள் பேசும் நாளிலேயே கேட்டிருந்தால், அதுவன்றோ மதிப்பு?

மற்றொன்றும் உண்டு. நம் முன்னோர் புனித சூசையப்பரிடம் நன்மரணம் கேட்டு மன்றாடினர். இறுதி வேளையில் அருந்தும் நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர்; நெடும்பயணம் போகிறவருக்குக் கட்டிக் கொடுக்கும் சோறு. தொண்டையில் குழாய் இறங்கியிருப்பவர் அதை எப்படி உண்பார்? கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடும்பம் நிற்க, ஐந்து நிமிட அனுமதியில் உள்ளே ஓடி நோயிற்பூசுதல் அளித்துவிட்டு வருகிறோம். அவர் மன்னிப்புக் கேட்க விரும்பிய தம்பியும் வெளியேதான் நிற்கிறான்.

ஆனால் இதயமீட்பு வேண்டாம் என்பது கைவிடுவதற்கான உரிமம் அன்று. வலியைத் தணிப்பது கட்டாயம். 1957 பிப்ரவரியிலேயே பன்னிரண்டாம் பயஸ், வலி நீக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக் கூடுமாயினும், நோக்கம் வலி நீக்கமாக இருந்தால் அதைத் தரலாம் என்றார். நம் நாட்டில் 1985இன் போதைப்பொருள் சட்டம் மார்பின் மருந்தை நோயாளருக்கு எட்டாக்கனி ஆக்கியது. 2014இன் திருத்தம் வழியைச் சற்றே திறந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் கேரளத்தில் வீடு வீடாகச் செல்லும் பணியாக வளர்ந்திருக்கிறது. நம் மரியாயின் சேனையினர் நோயாளரைச் சந்திக்கப் போகையில் செபமாலையோடு, படுக்கைப் புண்ணைத் துடைக்கும் பயிற்சியும் பெற்றுச் செல்வார்களானால் பாதி விவாதம் தானே அடங்கும்.

எழுதி வைக்கும் வழியும் இப்போது எளிது. 2018 தீர்ப்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பத்தைக் கேட்டதால் ஏட்டளவில் கிடந்தது. 2023 சனவரி 24இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. வயது வந்த, தெளிந்த மனமுடைய எவரும் இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடம் சான்று பெற்றால் போதும். தமக்காகப் பேச வேண்டிய உறவினரின் பெயர்களையும் அதில் குறிக்கலாம். அவரால் பேச இயலாத நிலை வரும்போது சிகிச்சையை நிறுத்துவது பற்றி மருத்துவமனையின் முதற்குழுவும், மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழுவும் ஆராயும். இதயமீட்பு ஒன்றைப் பற்றி மட்டுமாயின், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த நெறிமுறைப்படி, சிகிச்சை தரும் மருத்துவர் நோயாளருடனோ அவர் சார்பானவருடனோ கலந்து பேசிப் பதிவு செய்யலாம். ஏனைய சிகிச்சைகள் தொடரும்.

நம் மறைமாவட்டம் ஒரு படிவத்தைத் தமிழில் அச்சிட்டுப் பங்குகளுக்கு அனுப்பட்டும் என்று கேட்கிறோம். மூன்று கூறுகள் அதில் போதும். மீளா நோயின் இறுதிக் கட்டத்தில் இதயமீட்பும் வென்டிலேட்டரும் வேண்டாம் என்பது ஒன்று. உடல் ஏற்கும்வரை உணவும் நீரும், வலி தணியும்வரை மருந்தும் தருக என்பது மற்றொன்று. நினைவு தப்புமுன் குருவானவரை அழைக்க வேண்டும் என்பதையும், அவருடைய தொலைபேசி எண்ணையும் மூன்றாவதாக எழுதுக.