நிலவறையில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமா?

ரஷ்யாவின் கடைசி மன்னர் குடும்பம் என்றதும் நம் கண்முன் ஒரு புகைப்படம்தான் வருகிறது: வெள்ளை உடையில் நான்கு இளவரசிகள், மாலுமிச் சட்டையில் ஒரு சிறுவன், நடுவே ஜார் நிக்கோலசும் அரசி அலெக்சாண்ட்ராவும். அந்தப் படத்தில் இல்லாதவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

1918 ஜூலை 17, விடிவதற்கு முன். எகாதெரின்பர்க் நகரில் இப்பாத்தியேவ் வீட்டின் நிலவறையில் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டவர்கள் பதினொரு பேர். மன்னர் குடும்பத்தினர் ஏழு பேர். மற்ற நால்வர்: மருத்துவர் போத்கின், பணிப்பெண் அன்னா தெமிதோவா, சமையல்காரர் கரிதோனவ், ஏவலாள் துருப்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தக் கொலைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. விசாரணையே இல்லாமல் பதின்மூன்று வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொல்வது விடுதலை அல்ல. வன்முறையையும் சர்வாதிகாரத்தையும் வழியாகக் கொள்வதை அண்ணல் அம்பேத்கர் 'புத்தரா கார்ல் மார்க்ஸா' கட்டுரையில் மறுத்தார். நாமும் அங்கேதான் நிற்கிறோம்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்காகக் கண்ணீர் விடச் சொல்கிறவர்கள், அந்த ஆட்சியில் செத்தவர்களுக்காக ஏன் கண்ணீர் விடுவதில்லை? 1896இல் முடிசூட்டு விழாப் பரிசுப் பொருட்களுக்காகக் கோதின்கா மைதானத்தில் திரண்ட ஏழைகளில் 1,300க்கும் மேற்பட்டோர் நெரிசலில் மாண்டனர். அன்றிரவே ஜார் பிரெஞ்சுத் தூதரின் நடன விருந்துக்குப் போனார். 1905 ஜனவரியில், ஜாரின் படத்தையே ஏந்தி மனு கொடுக்க வந்த தொழிலாளர்களைப் படை சுட்டுத் தள்ளியது. யூதர்கள் இன்ன மாகாணங்களில்தான் வாழலாம் என்று ஒதுக்கி வைத்த சட்டங்கள், 1917இல் ஜார் பதவி இழந்த பிறகே ஒழிந்தன. பிறப்பைக் காரணம் காட்டி மனிதர்களை ஒதுக்கி வைப்பது எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த நால்வரின் கதைக்கு வருவோம். 1991இல் தோண்டிய குழியில் மன்னரின் எலும்பும் சமையல்காரரின் எலும்பும் ஒன்றாகக் கலந்துதான் கிடந்தன. மண் வேறுபாடு பார்க்கவில்லை. ஆனால் 2000இல் மாஸ்கோ திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்தபோது, மன்னர் குடும்பத்தினர் ஏழு பேருக்கு மட்டும் கொடுத்தது. வெளிநாட்டிலிருந்த ரஷ்யத் திருச்சபை 1981லேயே பணியாளர்களையும் சேர்த்திருந்தும் இதுதான் நடந்தது. 2016இல் மருத்துவருக்கு இடம் கிடைத்தது. பணிப்பெண்ணும் சமையல்காரரும் ஏவலாளும் அப்போதும் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

ஒரே அறை, ஒரே துப்பாக்கிகள், ஒரே குழி. பீடத்தில் மட்டும் படிநிலை!

அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட 'விசுவாசமான வேலைக்காரர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உழைப்பவருக்கு ஆண்டைகள் தரும் ஒரே பட்டம் அதுதானே! கரிதோனவுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். அவர்களின் துயரத்தை யார் படமாக எடுத்தார்கள்?

மாணவத் தோழர்களே, எந்த வரலாற்றைப் படித்தாலும் தலைகளை எண்ணிப் பாருங்கள். ஏழு என்று எழுதியிருந்தால், மீதி நால்வர் எங்கே என்று கேளுங்கள். அவர்களின் பெயரைச் சொல்லிப் பழகுங்கள்: போத்கின், தெமிதோவா, கரிதோனவ், துருப்.

ஜெய்பீம்!