எட்டு லட்சத்துக்குக் கீழே எல்லோரும் ஏழையா?

மத்திய சர்க்கார் 2024 அக்டோபரில் பிரதம மந்திரி பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி வாலிபர்களுக்கு நாட்டின் 500 பெரிய கம்பெனிகளில் ஓராண்டுப் பயிற்சி என்று பட்ஜெட்டில் முழங்கிய திட்டம் இது. தொடங்கியபோது உதவித் தொகை மாதம் ரூ.5,000. இதில் ரூ.4,500 சர்க்கார் பணம். கம்பெனி முதலாளியின் பங்கு வெறும் ரூ.500.

வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைகள் புகுந்துவிடக் கூடாது என்று தடைகளும் விதித்தார்கள். குடும்பத்தில் ஒருவருடைய வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாயைத் தாண்டினால் இடமில்லை. பெற்றோரில் ஒருவர் சர்க்காரின் நிரந்தர ஊழியராக இருந்தாலும் இடமில்லை.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கே முதலிடம் என்ற கொள்கையை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். பணக்காரன் மகனுக்குப் பயிற்சி தர மாமன் கம்பெனி இருக்கிறது, அப்பனின் சிநேகிதர் ஆபீஸ் இருக்கிறது. கூலிக்காரன் மகனுக்குச் சர்க்காரை விட்டால் வேறு வாசல் ஏது? ஆனால் ஏழை யார் என்று கணக்கிட இவர்கள் எடுத்த அளவுகோல்தான் கோணலாக இருக்கிறது.

எட்டு லட்சம் என்றால் மாதம் 66,000 ரூபாய்க்கு மேல். 2024-25ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளுக்கு ரூ.319. நூறு நாளும் வேலை கிடைத்தால் ரூ.31,900. அதைப்போல் இருபத்தைந்து மடங்கு சம்பாதிப்பவரும் இந்தச் சட்டப்படி ஏழை! திருவாடானை வயலில் நாற்று நடும் பெண்ணின் மகளும், மாதம் அறுபதாயிரம் வாங்கும் மானேஜரின் மகளும் ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டும்.

இன்னொரு கொடுமையைப் பாருங்கள். நிரந்தர ஊழியர் என்று விதியில் சொல்லப்பட்டவர்களில் ஸ்தல ஸ்தாபனச் சிப்பந்திகளும் பொதுத்துறை ஆலைத் தொழிலாளர்களும் அடக்கம். ஆகவே ராமேஸ்வரம் நகராட்சியில் குப்பை அள்ளும் நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைக்கு இடமில்லை. பரமக்குடி பக்கம் கமுதக்குடியில் உள்ள பயனியர் நூற்பாலை தேசியப் பஞ்சாலைக் கழகத்துக்குச் சொந்தமானது. 2020 மார்ச்சில் ஊரடங்கோடு அதன் கதிர்கள் நின்றன. ஆலை நின்ற பிறகும், அங்கே பெயர்ப் பதிவில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளி இந்த விதியின் கண்ணுக்குச் சர்க்கார் உத்தியோகஸ்தர்!

அதே சமயம், மூன்று விசைப்படகு வைத்திருப்பவரும் வட்டிக்கு விடுபவரும் வருமானத்தை எட்டு லட்சத்துக்குக் கீழே காட்டிவிட்டால் அவர்கள் பிள்ளைக்குக் கதவு திறக்கிறது. படகில் பங்குக்குப் போகும் பாம்பன் தொழிலாளியின் மகனும், படகு முதலாளியின் மகனும் காகிதத்தில் சமம். மாதச் சம்பளக்காரனின் வருமானம் கணக்கில் ஏறுகிறது. சொத்துக்காரனின் வருமானம் கணக்குப்பிள்ளையின் பேனாவில் கரைகிறது.

வேறு அளவுகோல் இல்லையா? இருக்கிறது. 2020ல் தமிழ்நாடு சட்டமன்றம் மருத்துவக் கல்லூரிகளில் 7.5 சதவீத இடங்களைச் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. 6ம் வகுப்பு முதல் 12ம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. 2021ல் பொறியியல், விவசாயம், சட்டப் படிப்புகளுக்கும் அது விரிந்தது. வருமானத்தை மறைக்கலாம், ஏழு வருஷம் உட்கார்ந்த பெஞ்சை மறைக்க முடியாது.

பிரிட்டிஷ் சர்க்கார் 2025 ஆகஸ்டில் ஒரு அறிவிப்புச் செய்தது. 2026 முதல் தன் இலாகாக்களில் கல்லூரி மாணவர்களுக்குத் தரும் பிரதான கோடைக்காலப் பயிற்சி, கீழ்நிலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே. பிள்ளைக்கு 14 வயதாயிருந்தபோது பெற்றோர் என்ன வேலை செய்தார்கள் என்பதே அங்கு கேள்வி. திறமை கெட்டுவிடும் என்று கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சல் நமக்கும் பழக்கமானதுதான்.

வர்க்கத்தைப் பார் என்று நாம் சொல்வதற்கு, சாதியைப் பாராதே என்று அர்த்தமில்லை. சேரியில் பிறந்த கூலிக்காரனுக்குச் சுமை இரண்டு. இட ஒதுக்கீடு முழுமையாக அமலாக வேண்டும். அதற்குள்ளே உழைப்பாளி வீட்டுப் பிள்ளை முன்னே வர வேண்டும்.

திட்டத்தின் முதல் சுற்றில் என்ன நடந்தது? சுமார் 82,000 பேருக்குக் கம்பெனிகள் இடம் தர முன்வந்தன. ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000. பயிற்சியில் சேர்ந்தவர்கள் 9,000 பேர்கூட இல்லை! சாயல்குடிப் பனைத் தொழிலாளியின் மகன் 5,000 ரூபாயை வைத்துக்கொண்டு சென்னையில் வாடகை கொடுப்பானா, சாப்பிடுவானா, வீட்டுக்குப் பணம் அனுப்புவானா? ஓராண்டு கழித்து வேலை உண்டு என்ற உத்தரவாதமும் கிடையாது. மலிவான கைகள் முதலாளிக்கு, வெறுங்கை வாலிபனுக்கு என்றுதான் கணக்கு முடிகிறது.

ராமநாதபுரத்தைப் பின்தங்கிய மாவட்டம் என்று 2018ல் பட்டியலில் சேர்த்தது இதே மத்திய சர்க்கார்தான். அப்படியானால் இந்த மாவட்டத்து வாலிபர்களுக்கு அது பதில் சொல்லட்டும். நமது கோரிக்கைகள் இவை:

பெற்றோரின் தொழிலையும், படித்த பள்ளியையும் பார்த்து இடம் கொடு! துப்புரவுத் தொழிலாளி, கடைநிலைச் சிப்பந்தி, ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் மீதான தடையை நீக்கு! வெளியூர் செல்பவர்களுக்குத் தங்குமிடமும் வயிறாரச் சோறும் கொடு! மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையம், வாலிநோக்கம் உப்புக் கழகம் போன்ற உள்ளூர் ஸ்தாபனங்களில் பயிற்சி இடங்களைத் திற! பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை உத்தரவாதம் செய்!

பஞ்சாலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். கலெக்டர் ஆபீசுக்குப் பிள்ளைகளோடு செல்லுங்கள். ஏழை யார் என்று அங்கே நேரில் காட்டுவோம்.