யாரைத் துரத்தி வந்த அமைதி?

அமைதியான கடற்கரை வேணும். கூட்டம் கூடாது, அலைச் சத்தம் மட்டும் கேட்கணும். நியாயமான ஆசைதான், தோழர்களே. ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு: அங்கே ஏன் கூட்டம் இல்லை? யாரைத் துரத்தி வந்த அமைதி அது?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிலாக்ஸி என்றொரு ஊர். அந்தப் பகுதியில் 26 மைல் நீளத்துக்கு வெண்மணல் கரை. இயற்கை கொடுத்ததல்ல. 1947 புயலுக்குப் பிறகு அரசு பொதுப்பணத்தில் மணலை வாரிக் கொட்டி உண்டாக்கியது. பொதுமக்கள் என்றென்றும் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. கறுப்பர்களும் வரி கட்டினார்கள். ஆனால் அந்த மணலில் கால் வைக்க முடியவில்லை. 'தண்ணி வரைக்கும் எங்க சொத்து' என்றார்கள் கரையோர பங்களாக்காரர்கள். போலீஸ் ஆமாம் போட்டது.

1959 மே 14 அன்று கில்பர்ட் மேசன் என்ற கறுப்பின மருத்துவர், சில நண்பர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். போலீஸ் விரட்டியது. 1960 ஏப்ரல் 24 அன்று சுமார் 125 பேர் திரண்டு வந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. வெள்ளைக் கும்பல் சங்கிலி, இரும்புக் குழாய், தடிகளோடு பாய்ந்தது. போலீஸ் வேடிக்கை பார்த்தது. வழக்கு நடந்து, நீதிமன்றம் கரையைத் திறந்துவிட 1968 ஆனது.

இது நமக்குப் புதுக்கதையா? மகாத் சவ்தார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட 1924லேயே நகராட்சி தீர்மானம் போட்டது. திறந்தது காகிதத்தில்தான். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1937ல். அங்கே 9 வருஷம், இங்கே 10 வருஷம்.

நிபந்தனையும் தீர்மானமும் தானாக எந்தக் கரையையும் திறப்பதில்லை. கால்கள்தான் திறக்கின்றன. இன்று அடியாள் இடத்தில் வேலி, கேட், செக்யூரிட்டி, 'தனியார் இடம்' போர்டு. 'கண்டவன் வந்தா அமைதி கெடும், அசுத்தமாகும்' என்கிறார்கள். 'அசுத்தம்' நமக்குப் பழகின வார்த்தைதான்.

அமைதி நமக்கும் வேணும். நாள் பூரா கூலிக்கு மாரடிச்சவங்களுக்கு அலைச் சத்தம் இன்னும் அதிகமா வேணும். அதனால கேட்டில் நின்னு கெஞ்சாதீங்க. பொதுவழி எங்கேன்னு கேளுங்க. கேட்டுட்டு, கூட்டமா நடங்க.