உகரச் சுட்டும் ஓராண்டுப் பாடமும்

யாம் பயின்ற கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, வழமை போல நாவலர் காட்டிய நெறி குறித்தோ நற்றமிழின் தேவை குறித்தோ எழுதிக் கொடுக்கவே முதலில் எண்ணினோம். அத்தகைய கட்டுரைகள் பலவற்றை முன்னரும் எழுதியிருக்கின்றோம். அவற்றை வாசித்தோர் எத்துணையர் என்பது வேறு விடயம். ஆயின், எழுதுகோலை எடுத்ததும் கடந்த 2025ஆம் ஆண்டே முன்வந்து நின்றது. இருபதாண்டு காலம் பிறர்க்குத் தமிழ்ப் பாடஞ் சொல்லிவந்த யாம், தமிழின் முதற் பாடங்களுள் ஒன்றிலே தவறினோம். இதனை உடன் பயின்றோர்க்குச் சொல்லாது வேறு எவர்க்குச் சொல்வது?

பங்குனி மாதத்தில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பிற் சுட்டெழுத்துக் கற்பித்தோம். அகரம், இகரம், உகரம் என்னும் மூன்றும் சுட்டு எனத் தொல்காப்பியர் கூறியதையும், பவணந்தியார் அதனை வழிமொழிந்ததையும் சொன்னோம். அகரம் சேய்மை, இகரம் அண்மை, உகரம் இரண்டிற்கும் இடைப்பட்டது என்று கரும்பலகையில் எழுதி, உகரச் சுட்டு இக்காலத்தில் வழக்கொழிந்தது என்றும் சேர்த்துக் கூறினோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்கள் அவ்வாறு எழுதுவதுண்டு. யாமும் அவ்வாறே ஒப்பித்தோம்.

பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அப்ப நாங்கள் உது, உவன் எண்டு சொல்லுறது?"

"அது கொச்சை. இருந்துகொள்ளும்" என்றோம்.

அவன் இருந்துகொண்டான். அதே கிழமையில் அவன் எழுதிய "எங்கள் வீட்டுக் கிணற்றடி" என்னுங் கட்டுரை எம் கைக்கு வந்தது. அதிலே அவன் பாட்டி பேசுகின்றார். உங்கை போகாதை, பாசி வழுக்கும் என்கின்றார். உந்த வாளியை இஞ்சை தா என்கின்றார். யாம் சிவப்பு மையால் உங்கை, உந்த, இஞ்சை யாவற்றையும் வெட்டி, ஓரத்திலே "கொச்சை நீக்குக" என்று எழுதினோம். மூதாட்டி ஒருவர் தம் பேரனோடு பேசும் பேச்சைத் திருத்துகின்றோம் என்ற எண்ணம் எமக்கு அப்பொழுது எழவில்லை.

இனி எம் வீட்டுக்கு வருவோம். எம் தந்தையார் வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் செய்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். யாம் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, கையிலே சான்றிதழும் நாவிலே இலக்கணமுமாக வீடு திரும்பிய நாள் தொட்டு அவரைத் திருத்தத் தொடங்கினோம். ஐயா "உவன்" என்றால் "அவன்" என்போம். "பேந்து" என்றால் "பின்னர்" என்போம். பேந்து என்பது பெயர்ந்து என்பதன் மரூஉ என்று வகுப்பிலே விளக்கத் தெரிந்த எமக்கு, ஐயாவின் வாயில் அச்சொல் பொறுக்கவில்லை. முதலில் அவர் சிரித்தார். பின்பு எம்மோடு பேசும்போது சொற்களைத் தேடத் தொடங்கினார். அதன் பின்பு பேச்சுக் குறைந்துவிட்டது. யாம் அதனை முதுமையின் அமைதி என்றே எண்ணியிருந்தோம்.

ஆடி மாதத்தில் அவர் சற்றுத் தளர்ந்திருக்கக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். என்ன செய்கின்றது என்று மருத்துவர் வினவினார். ஐயா எம் முகத்தைப் பார்த்தார். பின், "கொஞ்சம் சோர்வாக இருக்கின்றது" என்று, ஏட்டிலே எழுதி வைத்து வாசித்தது போன்ற தமிழில் விடை கூறினார். அவ்விடையை எண்ணி யாம் உள்ளூரப் பெருமை கொண்டதும் உண்மை.

ஆவணியில் ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் அவர் காலமானார்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துத் திரும்புகையில், ஐயாவோடு நெடுங்காலம் கமஞ் செய்த முதியவர் ஒருவர் எம் அருகில் வந்து இருந்தார். "தம்பி, கொப்பர் ரண்டு மாதமாய் நெஞ்சு உளையுது, உளையுது எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். உமக்குச் சொல்லேல்லையே?" என்று கேட்டார்.

எமக்குச் சொல்லவில்லை. ஐயாவிடம் நோவுக்கு எத்தனை சொற்கள் இருந்தன! குத்து வேறு, கடுப்பு வேறு, எரிவு வேறு, உளைவு வேறு. உளைதல் நம் இலக்கியங்களிற் பயின்ற சொல். ஆயினும் அதனை மருத்துவர் முன், மகன் கேட்கச் சொல்லக் கூசி, "சோர்வு" என்னும் ஒன்றையே அவர் எடுத்து வைத்தார். அச்சொல்லைக் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று கூற யாம் துணியோம், அது மருத்துவர்க்குரியது. கேட்கும் வழியை அடைத்தது யாம் என்பது மட்டும் எமக்குரியது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள் 30ஆம் நாள் இரவு நினைவுக்கு வந்தது. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சியை நோக்கி அடி அடியாக நகர்ந்த அவ்விரவை, எம் வயதுடைய பழைய மாணவர் எவரும் மறந்திரார். மழை, இருள், முன்னே நிற்பவரின் முதுகு மட்டுமே தெரியும். ஐயா துவிச்சக்கர வண்டியை எம் கையில் தந்து, பின்தங்கிவிட்ட ஆச்சியைத் தேடிச் செல்லுமுன், "தம்பி, உங்கை நில். அசையாதை" என்றார். இங்கே நில் என்றால் அவரோடு வரவேண்டும் போலும். அங்கே நில் என்றால் எங்கே என்று தேட வேண்டும். உங்கை என்றதும் எமக்கு ஐயமில்லை. எம் கால் ஊன்றியிருந்த அந்த அடி நிலமே அது. இரண்டு மணி நேரம் அவ்விடத்திலேயே நின்றோம். அவர் ஆச்சியோடு நேரே அவ்விடத்திற்கே வந்து சேர்ந்தார்.

உரைகாரர் உகரத்தை இடைப்பட்டது என்பர். நம் ஊர்ப் பேச்சிலே அது பெரும்பாலும் கேட்பவர் பக்கத்தைச் சுட்டுகின்றது. உம் கையிலிருப்பது உது. நீர் சொன்ன கதை உந்தக் கதை. முன்னே ஒருவர் இருந்து கேட்டாலன்றி அச்சுட்டுக்கு வேலையில்லை. சிங்களத்திலே "ஒய" என்பதும், ஜப்பானிய மொழியிலே "சொரே" என்பதும், பழைய இலத்தீனிலே "இஸ்தே" என்பதும் இத்தகையனவே. திருக்குறளின் இன்பத்துப்பாலிலே "உவக்காண்" என்னுஞ் சொல்லைக் கண்டு அருஞ்சொல் விளக்கம் எழுதச் செய்கின்றோம். அதே சுட்டு மாணவன் வாயில் வந்தால் வெட்டுகின்றோம்.

இதிலே வெட்கப்பட வேண்டியது யாம் மட்டுமல்லேம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவ்விலக்கணத்துக்கு உரைவிளக்கக் குறிப்பெழுதி 1937 முதற் பதிப்பித்தவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். 1842இல் மானிப்பாயில் வெளிவந்த அகராதி 58,000க்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியும் யாழ்ப்பாண வழக்குகளைத் தனிக் குறியிட்டு ஏற்றுக்கொண்டது. சென்னையார் குறித்து வைத்ததை யாழ்ப்பாணத்து ஆசிரியராகிய நாம் சிவப்பு மையால் அழித்துக்கொண்டிருக்கின்றோம்.

1960களின் தொடக்கத்தில் மரபு பற்றி ஈழத்து எழுத்தாளரும் பண்டிதரும் நடத்திய சொற்போரிலே, பேச்சு வழக்கை இழிசனர் வழக்கு என்று ஒதுக்கியோர் பக்கமே யாம் மனத்தளவில் நின்றுவந்தோம். அதற்கு இருபதாண்டுகள் முன்னரே, 1940இல், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சிலே "நானாடகம்" வெளியிட்டிருந்தார். அவருக்கு இலக்கணம் தெரியாது என்று எவருஞ் சொல்லார்.

நண்பர்கள் சிலர் இதனைக் கேட்டு, "அப்படியானால் பரீட்சையில் வாய்க்கு வந்தபடி எழுதலாமோ?" என்று எம்மை மடக்கினர். ஆகாது. மட்டக்களப்பாரும் தஞ்சாவூராரும் கனடாவிற் பிறந்த நம் பேரப்பிள்ளைகளும் ஒருங்கே வாசிக்கப் பொதுத்தமிழ் வேண்டும். வினைமுற்றைப் பிழையாக எழுதினால் இன்றும் புள்ளி குறைக்கின்றோம். யாம் சொல்வது வேறு. பொதுத்தமிழைக் கற்பிப்பதற்குத் தாய் தந்தையரின் தமிழை இழிவென்று கற்பிக்க வேண்டியதில்லை. "இது பேச்சு வழக்கு; எழுதும்போது இவ்வாறு எழுதுக" என்று ஓரத்திற் குறிப்பதற்கு நான்கு சொற்கள் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. துலாவும் பட்டையும் மறைந்ததற்கு யாம் அழவில்லை. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, பொருள் போயிற்று, சொல்லும் போயிற்று. உது சுட்டும் பொருள் எங்கும் போய்விடவில்லை. ஆயினும் எம் வகுப்பிலே அச்சொல்லைக் கேட்பது ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றது. தொலைக்காட்சித் தொடர்களைக் குறை கூறுவோர் முதலில் தம் சிவப்புப் பேனாவைப் பார்ப்பாராக.

இவ்வாண்டு தொடக்கத்தில் அம்மாணவனை அழைத்து, அப்பழைய கட்டுரைக் கொப்பி இன்னும் இருக்கின்றதா என்று கேட்டோம். மறுநாள் கொண்டுவந்தான், ஏதோ குற்ற விசாரணை என்று அஞ்சியிருப்பான் போலும். வகுப்பறையில் வைத்தே, வெட்டிய சொற்களின் கீழே புள்ளியிட்டு, "கொச்சை நீக்குக" என்பதை அடித்து, "பாட்டியின் பேச்சு, பிழையன்று. ஆசிரியர் திருத்தம் தவறு" என்று எழுதிக் கையொப்பமும் வைத்தோம். அவன் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். பின் எம் கையிலிருந்த கொப்பியைச் சுட்டிக்காட்டி, "சேர், உதிலை அடுத்த பக்கத்திலையும் ஒண்டு வெட்டிக் கிடக்கு" என்றான்.